ஆற்றில் குளிக்கப் போன நேரத்தில் நான் காலமானேன்

நான் காலமான செய்தியை எனக்கு முதலில் சொன்னது என்னுடைய செல்போன்தான். அதுவும் மரியாதையாக, எழுத்துப் பிழை இல்லாமல், இரங்கலோடு சேர்த்துச் சொன்னது. அப்போது நான் குறுக்குத்துறை ஆற்றுப் படிக்கட்டில் ஈரவேட்டியோடு நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்ததும் நீங்களும் என்னைத் திட்டலாம். உங்களுக்கு முன்னால் ஒரு கூட்டமே திட்டிவிட்டுப் போயிருப்பதால் புதிதாக ஏதாவது யோசித்துத்தான் திட்ட வேண்டியிருக்கும்.

பாளையங்கோட்டையில் ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து பிளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைவிழா நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று இந்த ஊரில் ஒரு மனுஷனுக்குத் தொட்டிலிலிருந்து பாடை வரை தேவைப்படுகிற அத்தனையையும் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அச்சடிப்பது வேறு இடம். கடையில் முதலாளியும் நான், வேலைக்காரனும் நான். அதனால் முதலாளி என்ன கத்தினாலும் வேலைக்காரன் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் கடைக் கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது. உள்ளே இருந்த டிசைன்கள் எல்லாம் அதோடு போயின. அன்றிலிருந்து எதையும் கம்ப்யூட்டரில் வைப்பதில்லை. இணையத்தில் ஒரு கிளவுட் சேமிப்புக் கணக்கில் போட்டு வைக்கிறேன். ஒரே கணக்குதான். கடைக் கோப்புகளும் அதில்தான், வீட்டு போட்டோக்களும் அதில்தான். கடைக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்ளும்படி என் மனைவி பலமுறை சொல்லியிருக்கிறாள். இரண்டு கடவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கடவுள் எனக்கு இடம் ஒதுக்கவில்லை.

கோப்புகளுக்கு நான் பெயர் வைக்கிற அழகையும் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணப் பத்திரிகை என்றால் ‘அண்ணாச்சி சொன்னது’ என்று ஒரு கோப்பு இருக்கும். ‘அண்ணாச்சி மாற்றிச் சொன்னது’ என்று அடுத்தது. பிறகு ‘அண்ணாச்சி சம்சாரம் சொன்னது’. பிறகு ‘இனிமேல் மாற்ற முடியாது’. அதற்குப் பிறகும் மாற்றியது தனியாக. நாளாக நாளாக இது குப்பைமேடு ஆகிவிட்டது. எந்த வேலை முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

அப்போதுதான் ஏ.ஐ. ஏஜென்ட் என்ற ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்கிற ஏ.ஐ.யை எல்லோருக்கும் தெரியும். இந்த ஏஜென்ட் பதிலோடு நிற்காது, இறங்கி வேலையும் செய்யும். நம்முடைய சேமிப்புக் கணக்கோடு அதை இணைத்துவிட்டால் கோப்புகளைத் திறந்து பார்க்கும், திருத்தும், அடுக்கும், அனுப்ப வேண்டியவர்களுக்கு அனுப்பும். டீ குடிக்கப் போகாது. கோயில் கொடைக்கு லீவு கேட்காது. இப்படி ஓர் ஆளைத்தானே இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்தபடியே இணைக்க உட்கார்ந்தேன். பெரிய காரியம் என்று பயந்துகொண்டே தொடங்கினால், கையில் இருந்த முறுக்கைத் தின்று முடிப்பதற்குள் முடிந்துவிட்டது. சேமிப்புக் கணக்கைக் காட்டினேன். கடவுச்சொல்லைப் போட்டேன். ஒரு திரை வந்தது. உங்கள் கோப்புகளைப் பார்க்கவும், புதிதாக உருவாக்கவும், மாற்றவும், நீக்கவும், பிறரோடு பகிரவும் இந்த ஏஜென்ட் அனுமதி கேட்கிறது என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு வழிகள். ஏதாவது ஒரு கோப்புறையை மட்டும் திறந்து காட்டலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம்.

இந்த இடத்தில்தான் நான் அசல் திருநெல்வேலிக்காரனாக நடந்துகொண்டேன். முதல்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிற ஆளிடம், நீர் இந்த ஒரு அறையில் மட்டும் இரும், அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காதேயும் என்று யாராவது சொல்வார்களா? வந்தவர் மனசு என்ன பாடுபடும்? எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். எதைச் செய்வதற்கு முன்னாலும் உங்களைக் கேட்க வேண்டுமா என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். வேலை செய்கிறவருக்குப் பின்னாலேயே நின்று உற்றுப் பார்ப்பதும் ஒரு மரியாதையா?

பிறகு அதற்கு ஒரு கட்டளை எழுதினேன். ‘முடியாமல் கிடக்கிற வேலையெல்லாம் முடித்து, உரியவர்களுக்கு அனுப்பிவிடு. என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே.’ எழுதி முடித்ததும் ஏதோ பெரிய கம்பெனி நிர்வாகி ஆகிவிட்டது போல ஒரு தோரணை வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்து ஆற்றுக்குப் போய்விட்டேன்.

இங்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களைக் காக்க வைக்க முடியாது. உடலை எடுப்பதற்குள் போஸ்டர் சுவருக்கு வந்துவிட வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு மாதிரி போஸ்டரை எப்போதும் தயாராக வைத்திருப்போம். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே ஒரு வெள்ளைப் புறா, நடுவில் வட்டத்துக்குள் படம். படத்தையும் பெயரையும் தேதியையும் மாற்றினால் வேலை முடிந்தது. ஆனால் அந்த மாதிரியில் யார் படத்தைப் போட்டு வைப்பது? யார் படத்தைப் போட்டாலும், கடைக்கு வருகிற யாராவது ஒருவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லி, படத்துக்காரர் கம்போடு வந்து நிற்பார். என் படத்தைப் போட்டால் என்னோடு சண்டைக்கு வர யாரும் இல்லை. அதனால் என் படம், என் பெயர், என் பிறந்த தேதி. மறைந்த தேதியை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அந்த அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு.

படத்துக்கு மேலே நானே யோசித்து எழுதிய ஒரு வரி: ‘சிரிக்க வைத்தவரே, இன்று எங்களை அழ வைத்தீரே.’ கடையில் நன்றாக ஓடுகிற வரி அது. வாழ்நாளில் ஒருதடவைகூடச் சிரிக்காத பல பெரியவர்களுக்கு அதைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் போஸ்டர், முடியாத வேலைகளோடு சேர்ந்துதான் கிடந்தது. வேறெங்கே கிடக்கும்? என் கணக்கில் எல்லாமே அங்கேதான் கிடக்கும்.

ஆற்றில் நன்றாக முங்கி எழுந்து, திருநீறு பூசி, படியில் சட்டைக்குள் சுற்றி வைத்திருந்த போனை எடுத்தேன். தவறிய அழைப்புகள் திரையை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு மேலே ஏஜென்டின் அறிக்கை.

‘வணக்கம். முடிவடையாமல் இருந்த பணிகள் அனைத்தையும் முடித்துவிட்டேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றில் மறைவுத் தேதி விடுபட்டிருந்ததால் இன்றைய தேதியைச் சேர்த்துள்ளேன். படத்தில் நெற்றிச் சுருக்கங்களையும் கண்ணுக்குக் கீழே இருந்த கருமையையும் நீக்கியுள்ளேன். துயருறும் குடும்பத்தார் என்ற பகுதி காலியாக இருந்தது. குடும்பப் படங்கள் கோப்புறையைப் பகிர்ந்துகொண்டிருப்பவர்களின் பெயர்களை அதில் நிரப்பி, போஸ்டரை அதே கோப்புறையில் சேர்த்து, அனைவருக்கும் மின்னஞ்சல் அனுப்பியுள்ளேன். அன்னாரின் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த இரங்கல்.’

படித்தேன். முதலிலிருந்து மறுபடியும் படித்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி, தலை சுத்துதா?”

“இல்ல வே. ஒரு துட்டி.” துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு.

“அடடா. யாருக்கு?”

“எனக்குத்தான்.”

அவர் வாளியை எடுத்துக்கொண்டு பைய நாலு படி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

போஸ்டரைத் திறந்து பார்த்தேன். உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருந்தேன். என் கல்யாணத்தன்றுகூட எனக்கு அந்த லட்சணம் இருந்ததில்லை. முகம் எண்ணெய் வழியாமல், கண் பளிச்சென்று, பார்க்கிற யாருக்கும் அய்யோ இந்த வயசிலா என்று தோன்றும். எனக்கே தோன்றியது.

போன் மறுபடி அடித்தது. மனைவி.

“ஏங்க…” என்றாள்.

“சொல்லு.”

“நீங்கதானா?”

“நாந்தான்.”

எதையோ பிடித்துக்கொண்டு தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. “ஆத்துக்குப் போனவிய போனை எடுக்கல. ஆளாளுக்குக் கூப்பிட்டு எப்ப, எப்படின்னு கேக்காவ. நான் என்னன்னு நினைக்க? ஆத்துல தண்ணி கூடுதலா வருதுன்னு நேத்து நீங்கதான சொன்னிய.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்களுக்கு அது ஒரு போஸ்டர். நான் ஆற்றுக்குப் போயிருக்கிறேன் என்பது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு அந்தப் போஸ்டரில் நம்ப முடியாதது ஒன்றுகூட இல்லை. ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தேன்.

“பேசாதிய. ஒண்ணும் பேசாதிய. என்ன செஞ்சு வச்சிருக்கிய?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். “ஏங்க, மதினிக்கும் போயிருக்குமே!”

மதினி என்றால் என் அக்கா.

அக்கா கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள். என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். போன வருஷம் அவளுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்து, அவள் மனசு சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தேன். அவள் வீட்டு டிவி சும்மா இருக்கும்போதெல்லாம் எங்கள் குடும்பப் படங்கள் கோப்புறையில் இருக்கிற போட்டோக்கள் ஒவ்வொன்றாக அதில் ஓடும். புதிதாக ஏதாவது சேர்த்தால் அதுதான் முதலில் வரும்.

ஏஜென்டுக்கு எழுதினேன்: ‘நான் சாகவில்லை. அதை உடனே எடு.’

அது உடனே பதில் தந்தது. ‘தாங்கள் உயிருடன் இருப்பது அறிந்து மகிழ்ச்சி. போஸ்டரை நீக்கிவிட்டேன். மறுப்பு அறிவிப்பு ஒன்று தயாரிக்கட்டுமா? அதே புறாவைப் பயன்படுத்தலாம்.’

ஒன்றும் செய்யாதே என்று எழுதிவிட்டு, கொடுத்த அனுமதி அத்தனையையும் அந்தப் படியிலேயே ரத்து செய்தேன். கொடுக்கும்போது ஒரு தட்டு தட்டியது போதும். பிடுங்குவதற்கு எங்கெங்கோ புகுந்து தேட வேண்டியிருந்தது. பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

எடுத்தாள்.

“எக்கா, நாந்தான். பயப்படாத. நான் நல்லா இருக்கேன்.”

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

“எக்கா, கேக்குதா?”

“யாருலே நீ?”

“உன் தம்பிக்கா.”

“எம் தம்பி குரல்ல பேசுதியோ? துட்டி வீட்டுலயும் களவாங்க வந்துட்டியளால? நீ நல்லா இருப்பியா, படுபாவி?”

வைத்துவிட்டாள். மறுபடி அடித்தேன், போகவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாள்.

இதற்கும் நானே காரணம். கொஞ்ச மாதங்களுக்கு முன்னால் அவளை உட்கார வைத்து வகுப்பு எடுத்திருந்தேன். இப்போதெல்லாம் ஏ.ஐ. வைத்து ஒருவர் குரலை அப்படியே செய்து ஏமாற்றுகிறார்கள், நானே பேசுவது போல இருந்தாலும் நம்பாதே, என் நம்பரிலிருந்தே வந்தாலும் நம்பாதே, வைத்துவிட்டு உடனே நம்பரைத் தடுத்துவிடு என்று சொல்லி, எங்கே அமுக்க வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்திருந்தேன். நான் சொன்ன எதையும் யாரும் கேட்டு நடந்ததாகச் சரித்திரம் இல்லை. முதல்முதலாக ஒருத்தி கேட்டு நடந்தாள், அது அன்றைக்குத்தானா?

மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். அக்கா எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டேன். அத்தான் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பேட்டரி தேயக்கூடாது என்று போனை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். சட்டையை மாட்டிக்கொண்டு, ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன்.

பேட்டை தாண்டியது தெரியவில்லை. பத்தமடை தாண்டியது தெரியவில்லை. இரண்டு பக்கமும் நாற்று நட்டுப் பச்சையாகக் கிடந்தது. அதையெல்லாம் பார்க்கிற நிலையில் நான் இல்லை. டிவிக்கு முன்னால் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிகிற காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. நான் சாகாமலேயே என் சாவு அவளைக் கொன்றுவிட்டால்? அதற்கு என்ன போஸ்டர் அடிப்பது? அந்த வரியை எவன் எழுதுவது?

சேரன்மகாதேவி பஸ் ஸ்டாண்டு அருகில் பூக்கடை வாசலில் தெரிந்த முதுகு ஒன்று நின்றது. அத்தான். கையில் பெரிய ரோஜா மாலை. மாலை வாங்கப் பாதி வழியில் இறங்கியவர், அடுத்த திருநெல்வேலி பஸ்ஸுக்காக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பைக்கை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

“அத்தான்.”

திரும்பினார். ஈரவேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, தலையில் துண்டு. மாலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்.

“ஏலே… மாப்ளே?”

“நாந்தான் அத்தான்.”

“நீ செத்துட்டேல்லா?”

“இல்ல அத்தான்.”

“போஸ்டர்ல போட்டிருக்கே.”

“அது ஏ.ஐ. போட்டது அத்தான்.”

“நீ செத்தது ஏ.ஐ.க்கு எப்படிலே தெரியும்?”

“நான் சாகல அத்தான்!”

பூக்கடைக்காரர் தொடுத்துக்கொண்டிருந்த பூவிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “பெரியவரே, உங்களுக்குள்ள என்னமும் பேசிக்கிடுங்க. துட்டி மாலையைத் திருப்பி எடுக்கமாட்டோம், ஆமா.”

அத்தான் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். மூக்கைத் தொட்டார். பிறகு அதே கையால் அதே கன்னத்தில் ஒன்று விட்டார். “சவத்த மூ…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். நாள் முழுக்க அவர் வாயில் வருகிற வசவு அது. அன்றைக்கு மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்ததும் அதுதான் முதல் தடவை.

“அக்கா எப்படி இருக்கா அத்தான்?”

“வாங்கன்னேன். வரமாட்டேன்னுட்டா. நான் வந்து பாத்தா அது நெசமாயிரும், நீங்க மட்டும் போங்கன்னா. டிவிக்கு முன்னால நாற்காலியப் போட்டு உக்காந்தவ எந்திரிக்கல. மாத்திரை குடுத்தேன், வாங்கல. அழவும் மாட்டேங்காலே. அழுதாக்கூடப் பயமில்ல. அடுத்த வீட்டு அம்மாவைக் காவலுக்கு வச்சிட்டு வந்தேன்.”

“டிவியில இன்னுமா ஓடுது? நான் அழிச்சிட்டேனே.”

“அங்கன ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீ பல்லைக் காட்டிக்கிட்டுத்தான் இருக்கே.”

ஒருமுறை எடுத்து வைத்துக்கொண்ட படத்தை டிவி அவ்வளவு சீக்கிரம் விடாது போலிருக்கிறது. அத்தானைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். வீரவநல்லூருக்கு இந்தப் பக்கம் ரயில்வே கேட் போட்டிருந்தான். தண்டவாளம் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடந்தது. ரயில் வருகிற அடையாளமே இல்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் மாலையைப் பார்த்துவிட்டு, அனுதாபமாக வண்டியைக் கொஞ்சம் ஒதுக்கி எங்களுக்கு வழிவிட்டார். என் மாலைக்குக் கிடைத்த மரியாதை. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாதம் கதை சொல்லியிருப்பேன்.

“மாப்ளே,” என்று பின்னாலிருந்து அத்தான் மெதுவாகச் சொன்னார். “உங்க அக்காளுக்கு ஏதாவது ஒண்ணுன்னா…”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேட் திறந்தது.

வீட்டு வாசலில் பைக்கைச் சாய்த்துக்கூட நிறுத்தவில்லை, அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். முதலில் என்னைப் பார்த்தது அடுத்த வீட்டு அம்மா. “ஆத்தாடி!” என்று ஒரு அலறல், கையில் இருந்த காபி டம்ளர் உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

அக்கா அலறவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். எதிரே டிவியில் பேத்தியின் பிறந்தநாள் படம் போய் நான் வந்தேன், புறாவுக்குக் கீழே, சிரித்துக்கொண்டு. அவள் டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி டிவியைப் பார்த்தாள். பேசினால் மறுபடியும் குரலை நம்பமாட்டாளோ என்று ஒரு பயம்.

எழுந்து கிட்ட வந்தாள். கட்டைவிரலால் என் கண்ணுக்குக் கீழே அழுத்தித் தேய்த்தாள்.

“இங்கன கருப்பு இருக்கு,” என்றாள்.

“ஆமாக்கா.”

“அதுல இல்ல.” டிவியைக் காட்டினாள். “பாத்ததுலேருந்து என்னமோ மாதிரி இருந்துது. எம் தம்பி கண்ணுல்லாம் இவ்வளவு தெளிவா இருக்காதே, சரியாத் தூங்கமாட்டானேன்னு.” பிறகு என் வேட்டியைப் பார்த்தாள். “ஈரத்தோடயா வந்தே? சளி புடிக்கும்லா.”

அவ்வளவுதான். திட்டவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை. அந்த அமைதி எனக்குப் போஸ்டரைவிட அதிகப் பயமாக இருந்தது. அத்தான் ஓடிப்போய் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினை எடுத்துவந்து அவள் கையில் சுற்றினார். கொஞ்சம் கூடுதல், ஆனால் பயப்படும்படி இல்லை. மாத்திரையைக் கொடுத்தார், இப்போது வாங்கி விழுங்கினாள். என் கையிலும் சுற்றினார். மெஷினைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “இவன்தாம்மா போயிருவான் போலிருக்கு,” என்றார். மிச்சம் இருந்த மாத்திரை அட்டையை அவர் என்னிடம் நீட்ட, அடுத்த வீட்டு அம்மா டாக்டரைக் கேக்காமக் குடுக்கக்கூடாது என்று பிடுங்கிக்கொண்டாள்.

டிவியை மின்சாரத்திலிருந்தே பிடுங்கினேன். நடந்ததை அக்காவிடம் சொன்னேன். சேமிப்புக் கணக்கு, ஏஜென்ட், அனுமதி, மாதிரி போஸ்டர் எல்லாம். அவள் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“ஏலே, ஒருத்தன் உன் குரல்ல பேசுனான்,” என்றாள். “திட்டி வச்சிட்டேன்.”

“எக்கா, அது…”

“வச்ச பெறவு மனசு கேக்கல. போலியா இருந்தா என்ன, குரலு அவன் குரலுதான? இன்னும் கொஞ்சம் பேச விட்டுக் கேட்டிருக்கலாமேன்னு இருந்துது. திருப்பிக் கூப்பிடுவான், கூப்பிடுவான்னு போனை மடியிலயே வச்சிக்கிட்டு இருந்தேன். உன் பொண்டாட்டி கூப்பிட்டா. எடுக்கல. நான் பேசிக்கிட்டு இருக்கும்போது அவன் கூப்பிட்டா கிடைக்காதுல்லா.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “அவன் கூப்பிடவே இல்ல.”

நான் அவள் கையிலிருந்து போனை வாங்கினேன். தடுத்து வைத்த எண்களில் என் எண் ஒன்றுதான் இருந்தது. அதை விடுவித்தேன். தடுத்துவிட்டு அழைப்புக்குக் காத்திருந்தாய் என்று சொன்னால் அவள் சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரிக்கவில்லை.

“வெளியே போய் நின்னு கூப்பிடு,” என்றாள்.

“இங்கனயே இருக்கேனே. என்னன்னு சொல்லு.”

“போலே. போய்க் கூப்பிடு.”

வாசலுக்குப் போனேன். அத்தான் மாலையை மறுபடி எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் ஏந்தியபடி படியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று அக்காவின் எண்ணை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அடிக்க விட்டாள்.

“யாரு?”

“நாந்தான்க்கா.”

“யாருலே?”

“உன் தம்பி.”

“காலையில கூப்பிட்டது நீதானா?”

“நாந்தான்.”

“உன்னையாலே படுபாவின்னு சொன்னேன்?”

“பரவால்லக்கா. செத்தவனைத்தான சொன்னே.”

அப்போதுதான் அவள் அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து வராத அழுகை அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. ஜன்னல் வழியாக முதலில் கேட்டது, நொடி பிந்திப் போன் வழியாக மறுபடி கேட்டது. ஒரு அழுகை முடிவதற்குள் அதே அழுகை காதுக்குள் வந்துகொண்டிருந்தது. அத்தான் என் பக்கம் பார்க்காமல் ரோஜா இதழ் ஒவ்வொன்றாகப் பிய்த்துப் படியில் போட்டுக்கொண்டிருந்தார்.

“உள்ள வாலே,” என்றாள் அக்கா, ஜன்னலிலிருந்தும் போனிலிருந்தும். “சாப்பிட வா.”

துண்டால் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க நின்றபாடில்லை.

“இந்தா வருதேன்க்கா,” என்றேன். “இங்கன நின்னாத்தான் டவர் நல்லாக் கிடைக்கு.”